மையச் சிரைக் குழாயின் நுனி நிற்க வேண்டிய இடம்

கழுத்துச் சிரை வழியாகவோ காறையெலும்புக்கு அடியிலுள்ள சிரை வழியாகவோ செலுத்தப்படும் மையச் சிரைக் குழாயின் நுனி, மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைச் சேரும் இடத்தை ஒட்டி நிற்க வேண்டும். மருத்துவமனைப் பேச்சில் இக்குழாய்க்குப் பெயர் ‘சென்ட்ரல் லைன்’. நார்அட்ரினலின் போன்ற கடுமையான மருந்துகள் அங்குள்ள வேகமான ரத்த ஓட்டத்தில் உடனே கலந்து நீர்த்துவிடும். நுனி மேலேயே நின்றால் சிரைச்சுவர் புண்பட்டு ரத்தம் உறையக்கூடும். ஆழமாகப் போனால் இதயத்துடிப்பு தடுமாறும். அரிதாக இதயச்சுவர் துளைபட்டு, இதய உறைக்குள் ரத்தம் தேங்கி உயிரே போகும். நெடுங்கால டயாலிசிஸ் குழாய் மட்டும் விதிவிலக்கு: அதன் நுனி மேலறைக்குள்ளேயே வைக்கப்படுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளும் அவ்வழியே செல்லும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையும் திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தக் குழாய்க்கு ஓயாத தேவையை உண்டாக்குகின்றன. உடலெங்கும் தீக்காயம்பட்ட தொழிலாளிக்குக் கைச்சிரை எளிதில் அகப்படாது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்திலேயே இருந்தாலும், பலரைச் சென்னையின் கீழ்ப்பாக்கம் அல்லது ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸ் வண்டியில் அனுப்ப வேண்டியிருக்கிறது.

நுனி நிற்கும் இடத்தை எக்ஸ்ரேயில் பார்ப்பது பழைய வழி. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் கைச்சிரை வழியே குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று நுனி இதயத்தை எட்டியதை உறுதிசெய்தார். இன்றும் எக்ஸ்ரேயே வழக்கம். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் மட்டத்தில் நுனி தெரிந்தால், பெரும்பாலோருக்கு அது இதய உறைக்கு மேலே இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் படம் வருவதற்குள் கிருமிநீக்கிய துணி அகற்றப்பட்டிருக்கும். அதன்பின் குழாயைச் சற்று வெளியே இழுக்கலாம். உள்ளே தள்ளக் கூடாது. ஆகவே இடம் குழாய் போடும்போதே முடிவாக வேண்டும்.

முதல் கணக்கு உயரம். வலது கழுத்துச் சிரை வழியானால், செ.மீ. கணக்கில் உயரத்தைப் பத்தால் வகுத்த அளவு ஏறக்குறையப் பொருந்தும். வலது காறையெலும்புச் சிரைக்கு அதில் 2 செ.மீ. குறைவு. 150 செ.மீ. உயரப் பெண்ணுக்கு 15 செ.மீ. போதும், 20 செ.மீ. குழாயை முழுவதும் தள்ளினால் நுனி இதயத்துக்குள் போய்விடும். இடப்பக்கப் பாதை நீளமானது. அங்கே குறைவாகச் செலுத்தினால் நுனி மேற்பெருஞ்சிரையின் வலச்சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். சுவருக்கு இணையாகத் திரும்பும் அளவுக்கு உள்ளே போக வேண்டும்.

குழாய்க்கு வழிகாட்டும் கம்பியான கைடு ஒயர் சிரைக்குள் இருப்பதை அல்ட்ராசவுண்டில் பார்த்த பிறகே துளையை விரிக்க வேண்டும். காறையெலும்பு வழியில் ஒயர் அதே பக்கக் கழுத்துக்கு ஏறிவிடுவதுண்டு; கழுத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால் அது அப்போதே தெரிந்துவிடும். ஆழத்தை அறிய இ.சி.ஜி. முறையே சிறந்தது. வலக்கைக்குரிய இணைப்பை ஒயரோடு சேர்த்தால், நுனி இறங்க இறங்க, மேலறையின் மின்துடிப்பைக் காட்டும் பி அலை உயரும். மேலறை வாயிலில் உச்சம் தொடும். உள்ளே புகுந்ததும் அலையின் தொடக்கம் கீழ்நோக்கித் திரும்பும். அப்போது சற்றுப் பின்னிழுத்தால் போதும். ஒரு கிளிப்பும் மானிட்டரும் தவிர வேறெதுவும் தேவைப்படாத இம்முறை சிறிய மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும். மேலறை நடுக்கத் துடிப்பு உள்ளவர்களுக்குப் பி அலை கிடைக்காது.

படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ நுனி இடம் மாறும். அதனால் குழாயைத் தையலிட்டுப் பொருத்தி, தோல் மட்டத்தில் தெரியும் செ.மீ. குறியை அனுப்புச் சீட்டில் எழுத வேண்டும். வழியில் குழாய் நகர்ந்ததா என்பதைச் சென்னையில் பெற்றுக்கொள்ளும் மருத்துவர் அந்த எண்ணைக்கொண்டு கண்டுகொள்வார்.