என்ஜின் இல்லாமல் தரைதொடும் பாடம்

2025 நவம்பர் 14, பிற்பகல். திருப்போரூர் அருகே விமானப்படையின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து, பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார்.

ஹெலிகாப்டர் விமானிக்கு இந்த வழி கிடையாது. தலைக்கு மேலே ரோட்டார் சுழல்கிறது, எங்கே பாய்வது? (ரஷ்யாவின் கா-50 ஒரு விதிவிலக்கு. முதலில் ரோட்டார் இறக்கைகளை வெடித்து உதறிவிட்டு, அப்புறம்தான் விமானியை வெளியே வீசும்.) மற்றபடி பெரும்பாலோருக்கு என்ஜின் நின்றால் ஒரே வித்தைதான்: ஆட்டோரொட்டேஷன்.

நம் கடற்கரைப் பிள்ளைகள் பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அதே கதைதான். ஹெலிகாப்டர் கீழே இறங்க, கீழிருந்து மோதும் காற்றே ரோட்டாரைச் சுற்றுகிறது. ஸ்பெயின் நாட்டு ஹுவான் டெ லா சியர்வா, தன்னுடைய விமானம் ஒன்று வேகம் குறைந்து விழுந்த பிறகு இந்த வழியில் யோசிக்கத் தொடங்கினார். 1923 ஜனவரியில், காற்றாலேயே சுழலும் ரோட்டார் கொண்ட அவருடைய ஆட்டோஜைரோ பறந்தது. இத்தனை பத்திரமான ஊர்தியைத் தந்தவர் 1936 டிசம்பரில் லண்டன் குராய்டனில் சாதாரணப் பயணிகள் விமானம் விழுந்து இறந்துபோனார். ஹெலிகாப்டரில் என்ஜினை நிறுத்திவிட்டு முதன்முதலாகத் தரை தொட்டவர் ஜெர்மனியின் ஏவால்ட் ரோல்ஃப்ஸ், 1937 மே மாதத்தில்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. இமயமலைக்கு ஏற்ற ஹெலிகாப்டர் வேண்டும் என்று நம் படைகள் கேட்டதால் பிரான்சில் பிறந்தது லாமா, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் (எச்.ஏ.எல்.) தயாரிப்பில் அதன் பெயர் சீட்டா. 1972 ஜூன் 21 அன்று பிரெஞ்சு விமானி ழான் புலே ஒரு லாமாவை 12,442 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார். உச்சியில் என்ஜின் அணைந்தது. திரும்பப் பற்றவே இல்லை. அங்கிருந்து தரை வரை காற்றை மட்டுமே நம்பி இறங்கினார்.

சீட்டாவும், நம் படைகளின் இன்னொரு ஹெலிகாப்டரான சேத்தக்கும் ஒற்றை என்ஜின் ஊர்திகள். ஆகவே இந்தப் பாடத்தைத் தவிர்க்க முடியாது. பயிற்றுநர் திடீரென்று என்ஜின் சக்தியைக் குறைப்பார். மாணவர் இடக்கையிலுள்ள கலெக்டிவ் நெம்புகோலை உடனே கீழே அழுத்த வேண்டும். தயங்கினால் ரோட்டார் வேகம் இழந்துவிடும். காற்று வரும் திசையும் இறங்கத் தோதான வெட்டவெளியும் அந்தச் சில நொடிகளிலேயே கண்ணில் பட வேண்டும். கேளம்பாக்கம் உப்பளம் போலச் சமதளமாகத் தெரிவதெல்லாம் கெட்டித் தரை என்று நம்பிவிடவும் முடியாது. தரை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்வது, பிறகு சமன் செய்வது, கடைசியாகக் கலெக்டிவை இழுப்பது. ரோட்டாரில் மிச்சமிருக்கும் விசை ஒரே ஒரு இழுப்புக்குத்தான் வரும். உயரத்திலேயே இழுத்துவிட்டால் தொப்பென்று விழும். மூக்கை இறக்கத் தாமதித்தால் வால் தரையில் இடிக்கும். பலமாக மோதினால் கீழ்ச்சட்டம் அகன்று விரியும், வளைந்த ரோட்டார் இறக்கை வாலையே வெட்டுவதும் உண்டு.

என்ஜினில் கோளாறே இல்லாமல், கோளாறு வந்ததாக நடித்துப் பழகும்போதே உடைந்த ஹெலிகாப்டர்கள் ஏராளம். மாணவர் தவறு செய்வது இயல்பு, அதற்குத்தானே பயிற்சி? கேள்வியெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் எப்போது கையை வைத்தார் என்பதுதான். சீக்கிரம் வைத்தால் மாணவர் கற்கமாட்டார், அரை நொடி தாமதித்தால் ஊர்தி மிஞ்சாது. ராபின்சன் ஆர்-22 என்ற இலகு ஹெலிகாப்டர் விபத்துகளுக்குப் பிறகு 1995இல் அமெரிக்கா கொண்டுவந்த தனி விதி, மாணவர்களோடு பயிற்றுநர்களையும் இறுக்கிப் பிடித்தது: பயிற்றுநருக்கு 200 மணி நேர ஹெலிகாப்டர் அனுபவம், அதில் 50 மணியாவது ஆர்-22இல். சரியான இடத்தில்தான் கை வைத்தார்கள்.

நம் விமானப்படை இந்த யோசனைக்கு வெகு முன்பே வந்திருந்தது. பறக்கக் கற்றுத்தருகிறவர்களைத் தயார் செய்யவே 1948இல் அம்பாலாவில் ஒரு பள்ளி தொடங்கியது. 1954இல் அது தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் அங்கேதான், இப்போது செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில்.

(தொடரும்)