கூண்டில் நின்றவரின் பேச்சு: ஜேம்ஸ் ஜாய்ஸும் நீதிமன்றமும்

ஜேம்ஸ் ஜாய்ஸின் எழுத்தில் வழக்குகள் திரும்பத் திரும்ப வருவதற்கு, 'யுலிசிஸ்' நாவல் பட்ட தடைகளைக் காரணம் காட்டுவது எளிது. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. அந்நாவலைத் தொடராக வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர்கள் நியூயார்க்கில் தண்டிக்கப்பட்டது 1921இல். சகோதரனைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சாமுவேல் சைல்ட்ஸின் விசாரணையை டப்ளினில் ஜாய்ஸ் நேரில் கேட்டதோ 1899இல், தம் 17ஆம் வயதில். சைல்ட்ஸ் விடுதலையானார். அவருக்காக வாதாடிய சேமர் புஷ்ஷின் நாவன்மை பின்னாளில் 'யுலிசிஸ்' பாத்திரங்களின் பேச்சுக்குப் பொருளானது. ஆனாலும் ஜாய்ஸை நெடுநாள் பிடித்திருந்தது வழக்கறிஞரின் நாவன்மை அல்ல. கூண்டில் நிற்பவரின் பேச்சு அடுத்தவர் வாய்வழியாகவே பதிவாகிறது என்பதுதான்.

இதற்கு வலுவான சான்று, ட்ரியெஸ்ட் நகரின் 'இல் பிக்கோலோ தெல்லா செரா' நாளிதழில் 1907 செப்டம்பரில் அவர் இத்தாலிய மொழியில் எழுதிய கட்டுரை. அது பேசுவது ஒரு பழைய கொலை வழக்கை: 1882 ஆகஸ்டில் மேற்கு அயர்லாந்தின் மாம்ட்ராஸ்னாவில் ஒரே குடும்பத்தில் ஐவர் கொல்லப்பட்டனர். கைதான பத்துப் பேரில் இருவர் அப்ரூவர்களாயினர். ஐரிஷ் மட்டுமே தெரிந்த மைல்ஸ் ஜாய்ஸ், ஆங்கிலத்தில் நடந்த விசாரணையின் முடிவில் மரண தண்டனை பெற்றார். அவர் நிரபராதி என்று உடன் தண்டிக்கப்பட்ட இருவர் சொல்லியும் வைஸ்ராய் இரங்கவில்லை. டிசம்பர் 15 அன்று கால்வே சிறையில் மூவருக்கும் தூக்கு. கட்டுரையில் ஜேம்ஸ் ஜாய்ஸ் நின்று விவரிப்பது விசாரணையின் ஒரு கேள்வி-பதிலை. கைதி கையை வீசி நெடுநேரம் மன்றாடுகிறார். மொழிபெயர்ப்பாளர் அத்தனையையும் 'இல்லை என்கிறார்' என்ற அளவுக்குச் சுருக்கிவிடுகிறார். இந்தக் கட்டுரையை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது என்ற மறுப்பு நியாயமானதே. நாற்பதை ஒட்டிய வயதுக்காரரை ஜாய்ஸ் கிழவராக்குகிறார். அந்தக் கைதியை அயர்லாந்தின் உருவகமாக்கும் அரசியல் நோக்கமும் வெளிப்படை. ஆனால் இங்கே கேள்வி, கொலை வழக்கின் உண்மை என்ன என்பதன்று. நாவலாசிரியர் எதை உருப்பெருக்கினார் என்பது. அந்த வகையில் அவருடைய பிழைகளும் சான்றுதான்.

'யுலிசிஸ்' நாவலின் 'சர்சி' பகுதியில் இதே அமைப்பு கேலிக்கூத்தாகிறது. குற்றத்தை மறுக்கும் நாவலின் நாயகன் புளூம், கையில் அல்லிப்பூவுடன், யாருக்கும் புரியாத நீண்ட உரையைத் தொடங்குகிறார். அவர் சொற்களைக் கேட்க நமக்கு வாய்ப்பில்லை. மூன்றாம் நபரின் சாரமாக, தேய்ந்த நீதிமன்ற நடையில்தான் அவை வந்து சேர்கின்றன. இது வெறும் நையாண்டி, அநீதி குறித்த சிந்தனை அல்ல என்பாருண்டு. ஜாய்ஸும் வழக்காடத் தயங்காதவர்தாம்: ஜூரிச்சில் தூதரக ஊழியர் ஹென்றி காரோடு மோதி ஒரு வழக்கில் வென்றார், ஒன்றில் தோற்றார், பிறகு 'யுலிசிஸ்' நாவலின் மற்றொரு முதன்மைப் பாத்திரமான ஸ்டீபனை அடித்து வீழ்த்தும் முரட்டுச் சிப்பாய்க்கு அந்தப் பெயரையே சூட்டினார். (பழிவாங்க நாவலாசிரியருக்குக் கிடைக்கும் சலுகை!) சொந்தப் பகை அந்தப் பெயரை விளக்கும், புளூமின் பேச்சு சாரமாக்கப்பட்டதை விளக்காது. அதன் வேர் 1907 கட்டுரையில் இருக்கிறது.

1939இல் வெளியான 'ஃபினகன்ஸ் வேக்' நாவலில் ஃபெஸ்டி கிங் என்ற பாத்திரம் விசாரணைக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளர் மறுபடி தலைகாட்டுகிறார். இம்முறை சாட்சியும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் ஒருவரோடொருவர் கலந்துவிடுகிறார்கள். பூங்காவில் நடந்ததாகச் சொல்லப்படும் குற்றம் என்ன என்பதே கடைசிவரை துலங்குவதில்லை. புனைவுக்கு வெளியே, மைல்ஸ் ஜாய்ஸுக்கு அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் 2018இல் மன்னிப்பு வழங்கினார். அந்த ஆணை தீர்ப்பைத்தான் திருத்தியது; கூண்டில் அவர் ஐரிஷில் பேசியவை எந்த ஆணையிலும் மீள வழியில்லை.