வடிவமைப்பு ஸ்டுடியோ (கட்டடக்கலைக் கல்வி)

கட்டடக்கலை மாணவர் ஒரு கட்டடத்தைத் தாமே வடிவமைத்துப் பழகும் வகுப்பு. இந்தியாவில் ஐந்தாண்டு பி.ஆர்க் படிப்பின் முதுகெலும்பு இதுவே. 1972ஆம் ஆண்டுக் கட்டடக்கலைஞர் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டடக்கலை மன்றம் படிப்பின் தரத்தை வரையறுக்கிறது. திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள மதுரையின் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் இப்படிப்பு உண்டு.

ஆசிரியர் இடத்தையும் தேவையையும் தருவார். மாணவர் நிலத்தை அளந்து, வெயில், காற்று, மழைநீர் போகும் வழி ஆகியவற்றைக் குறித்து, வரைபடமும் அட்டை மாதிரியும் செய்வார். மேசைக்கு வரும் ஆசிரியர் வரைபடத்தின் மேலேயே திருத்திப் பேசுவார். உண்மையான கற்றல் இங்குதான் நடக்கிறது. முடிவில் மாணவர் ‘ஜூரி’ எனும் மதிப்பீட்டுக் குழுவின் முன் விளக்க வேண்டும். ஸ்டுடியோவும் ஜூரியும் பாரிசின் நுண்கலைப் பள்ளி வளர்த்த மரபு.

திண்டுக்கல் சமவெளி இத்தகைய வடிவமைப்புப் பயிற்சிக்கு வளமான களம். சின்னாளபட்டி நெசவாளர் வீட்டை எடுத்துக்கொண்டால், தறி நிற்கும் இடமும் அதன்மேல் விழும் வெளிச்சமும் முதலில் முடிவாக வேண்டும்; சமையலறையும் படுக்கையறையும் பிறகுதான். பாவு எனும் நெடுக்கு நூலை நீட்டத் தெருவும் வேண்டும். ஆகவே தெருவையும் சேர்த்தே வரைய வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஊர் என்பதால் கூரைநீர்ச் சேமிப்பும் வடிவமைப்பில் அடங்கும்.