ஒரே கம்பி, இரண்டு கடை



போன வாரம் மும்பை செம்பூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் பேசினான். "சார், வீட்டுக்குக் கரண்ட் கம்பெனியை மாத்திட்டேன்" என்றான். "சிம் கார்டு மாதிரியாப்பா?" என்றேன். "அப்படித்தான் சார்" என்றான்.

அதற்கொரு வரலாறு உண்டு. ஒரே பகுதியில் இரண்டு நிறுவனங்கள் மின்சாரம் விற்க 2003 மின்சாரச் சட்டம் இடம் தந்தது. மும்பையில் வீடுகளுக்கும் டாடா பவர் விற்கலாம் என்று 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009 முதல் புறநகர் மக்கள் ரிலையன்ஸிலிருந்து டாடாவுக்கு மாறினார்கள். மின்சாரம் டாடாவுடையது, அது வந்த கம்பி ரிலையன்ஸுடையது. கம்பிக்குத் தனிக் கட்டணம்.

நமக்கு 1957-இல் பிறந்த மின்சார வாரியம். 2010-இல் அது பிரிக்கப்பட்டபோதும் வீட்டுக்கு விற்பது ஒரே கடைதான். ஒரே கம்பியில் பலரும் விற்க வழிசெய்யும் மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்தது; நிறைவேறவில்லை.

எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி நம் கொல்லிமலைக்குக் கம்பி வந்தது லாபக் கணக்கால் அல்ல. காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் நாம் தேடுவது லைன்மேனைத்தான்.

விற்பவர் மாறட்டும், தப்பில்லை. மலைக் கம்பியைக் காப்பவர் யார், செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள், பிள்ளைகளே.