பௌர்ணமிக்குள் ஒரு கூத்து

கதையொன்றில் உள்ளம் தோய்ந்தவர் அதைக் கேட்டதோடு அமைவதில்லை. புலவர் சொல்லாது விட்ட இடத்தில் தாமே பேசத் தொடங்குவர். பாத்திரங்களுக்குப் புதிய சொல்லும் புதிய துயரும் தருவர். இஃது ஏட்டறிவுடையோர்க்கே உரிய தொழில் என்று கருதுதல் தவறு. அட்டன், நுவரெலியா முதலிய மலைநாட்டுப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் இது தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து வருகிறது. அதற்கு ஒரு தவணையும் உண்டு. மாசிப் பௌர்ணமியே அத்தவணை. கூத்தோ காமன் கூத்து.

மூலக்கதை நேயர்கள் அறிந்ததே. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் அதனைக் கூறும். சூரபன்மனால் துன்புற்ற தேவர்களின் பொருட்டுப் பிரமன் ஏவ, யோகத்தில் அமர்ந்த சிவபிரான்மீது மன்மதன் மலர்க்கணை தொடுத்தான். நெற்றிக்கண் திறந்தது, அவன் நீறானான். இரதி புலம்பினாள். பின்னர் அவள் கண்ணுக்கு மட்டும் புலனாகுமாறு அவன் உயிர் பெற்றான்.

புராணம் இவ்வாறு முடித்துவைத்த கதையைத் தமிழகத்துச் சிற்றூர் மக்கள் மீண்டும் திறந்தார்கள். தஞ்சைப் பகுதியில், காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் எதிரெதிரே அமர்ந்து லாவணி பாடும் வழக்கம் இருந்தது. எதிரியின் வினாவுக்கு விடை அங்கேயே பாட்டாக வரவேண்டும். திருத்தி எழுத அவகாசம் ஏது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் இக்கலையையும் உடன் கொண்டுவந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியும் கூத்து மாறாது நின்றது.

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவர். அன்றிலிருந்து பௌர்ணமிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு நாட்களே. பகலில் பெரட்டும் கொழுந்தும் நிறையும் விடுவதில்லை. இரவிலேதான் ஒத்திகை. வாத்தியாரின் கொப்பியில் பழம்பாட்டு இருக்கும். அதில் அடிகள் விடுபட்டிருக்கும். இவ்வாண்டு இரதி வேடம் புனையும் இளைஞனின் குரலுக்கு ஒரு பாட்டு உயர்ந்திருக்கும். ஒட்டியும் வெட்டியும் சேர்த்தும் ஒருவாறு ஒப்பேற்றுவர். கோமாளி பேசுவதற்குக் கொப்பியே இல்லை. லயத்துச் செய்தியும் கங்காணியின் நடையும் அவன் வாயில் அன்றன்றே உருவாகும். நிலவு எவருக்காகவும் காத்திராது. தப்பு முழங்கியபின் எழுதியது போதாதென்று கூற இயலாது.

இதனைக் குறை என்பாருளர். யான் அவ்வாறு எண்ணவில்லை. செப்பமான பிரதி ஒன்று அச்சேறியிருந்தால் மக்கள் அதற்குக் கட்டுப்பட்டிருப்பர். முற்றுப்பெறாத கொப்பியோ ஆண்டுதோறும் அவர்தம் வாழ்வை உள்ளே வரவிட்டது. கணவனைத் தடுத்தும் தடுக்க முடியாது இழந்த இரதியின் புலம்பலில், பிரிவை அறிந்த மலைநாட்டுப் பெண்கள் தம் குரலையே கேட்டனர்.

அப்பிரிவு 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் மீண்டும் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின. வாத்தியார் ஒரு கரையிலும் அவர் பயிற்றிய இரதி மறு கரையிலும் ஆயினர். மனனத்தில் மட்டும் இருந்த அடிகள் பாடினவரோடு போயின.

மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோரின் அருமை இங்கேதான் விளங்கும். ஆயினும் தொகுத்தல் ஒன்றே காத்தல் ஆகாது. உங்கள் வீட்டில் முதியவர் ஒருவரிடம் கூத்துக் கொப்பி இருக்குமாயின், அதைப் படியெடுத்து வையுங்கள். அவர் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். அவ்வளவில் நின்றுவிடாது, கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அடுத்த மாசியில் பாடுவோருக்கு அது வேண்டும்.