ஸ்டார் ஹாஷ் நாலு சைபர்

2004-இல் ரிச்சி தெருவில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பிரிகிற சந்துகளில், ரேடியோ உதிரி பாகம் விற்கிற கடைகளுக்கு நடுவே ஒரு செல்போன் கடை. இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் மூன்றாவது ஆள் நின்றுதான் ஆக வேண்டும். முதலாளியை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முதல் ஒரு மாதம் அவர் என்னை ஸ்க்ரூடிரைவரைத் தொடவே விடவில்லை. கொடுத்தது ஒரே வேலை. செட் உள்ளே வந்ததும், அது உயிரோடு இருந்தால், *#0000# அடிக்க வேண்டும். திரையில் வருகிற மூன்று வரியையும் நீள நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதி போட வேண்டும்.

"யாராவது வீட்டு வாசல்ல வந்து நின்னா பேரு, ஊரு கேட்டுட்டுத்தானே உள்ள விடுவ? செட்டுக்கும் அதேதான்டா" என்பார்.

அந்த மூன்று வரிகளில் முதலாவது, உள்ளே இருக்கும் மென்பொருளின் வெர்ஷன் எண். இரண்டாவது, அந்த மென்பொருள் உருவான தேதி. மூன்றாவது, கம்பெனி அந்த மாடலுக்குத் தனக்குள் வைத்துக்கொண்ட பெயர். ஊரே 1100 என்று கூப்பிட்ட நோக்கியா போன் தன்னை ஆர்எச்-18 என்று சொல்லும். 3310 என்எச்எம்-5 என்று சொல்லும். பேனல் மாற்றுவது அன்றைக்குப் பெரிய மோகம். தீபாவளிக்கு ஒரு கலர், பொங்கலுக்கு ஒரு கலர் என்று மாற்றிக்கொண்டு வருவார்கள். அதனால் வெளித்தோற்றத்தை நம்பி ஒரு செட்டில் கை வைக்க முடியாது. உள்ளே இருப்பது யார் என்று அந்த மூன்று வரிதான் சொல்லும்.

இதை ஏன் அண்ணன் அவ்வளவு கறாராகச் சொன்னார் என்பது எனக்கு ஒரு செட்டைச் சாகடித்த பிறகுதான் புரிந்தது. அந்தக் காலத்து நோக்கியாவில் மென்பொருள் ஒரே மூட்டையாக இருக்காது. எம்சியு என்று ஒரு ஃபைல், அதுதான் மூளை. பிபிஎம் என்று ஒன்று, மொழிகள் எல்லாம் அதில் இருக்கும். சிஎன்டி என்று மூன்றாவது, ரிங்டோன், படம் வகையறா. யுஎஃப்எஸ் பாக்ஸை கம்ப்யூட்டரில் மாட்டி, ஒயரைப் பேட்டரிக்கு அடியில் இருக்கும் புள்ளிகளில் வைத்து இவற்றை ஏற்றுவோம். துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் வந்த செட்டுகளில் அரபி இருக்கும், நம் மொழி இருக்காது. பிபிஎம்-மை மட்டும் மாற்றி நம் ஊர் மொழிகள் உள்ள மூட்டையை ஏற்றிக் கொடுப்பது அன்றாட வேலை.

ஒரு நாள் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். ஒரு கொத்தனார் செட்டைக் கொடுத்துவிட்டுத் தமிழ் வேண்டும் என்றார். நாலு சைபர் அடித்துப் பார்க்காமல், கையில் இருந்த பிபிஎம்-மை ஏற்றிவிட்டேன். மூளை ஒரு வெர்ஷன், மொழி வேறு வெர்ஷன். செட் ஆன் ஆகி, சர்வீஸைத் தொடர்புகொள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றது. அவர் சம்பளத்தில் பாதி போட்டு வாங்கிய செட் அது. அண்ணன் வந்து மூன்று ஃபைலையும் ஒரே வெர்ஷனில் திரும்ப ஏற்றி எழுப்பினார். என்னைத் திட்டவில்லை. நோட்டை எடுத்து, நான் விட்டுவிட்ட அந்த வரிகளைத் தன் கையால் எழுதினார். அதற்குப் பிறகு இன்றுவரை வெர்ஷன் பார்க்காமல் ஒரு போனையும் நான் தொட்டதில்லை.

அப்போது வெர்ஷன் என்பது கடைக்காரர்களுக்குள் பேசிக்கொள்கிற சங்கதி. வாடிக்கையாளர் வாயில் அந்தச் சொல் வந்தது சிம்பியன் மென்பொருள் ஓடிய செட்டுகளால். 6600, என்70 எல்லாம் செகண்ட் எடிஷன். 2006-இல் என்73 வந்தது, அது தேர்ட் எடிஷன். பழையதற்கு எழுதிய கேமும் சாஃப்ட்வேரும் புதியதில் ஏறாது. கல்லூரிப் பையன்கள் மெமரி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இது செகண்டா தேர்டா?" என்று கேட்டபடி வருவார்கள். தேர்ட் எடிஷனில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் சான்றிதழ் கேட்கும், அந்தச் சான்றிதழுக்கு ஆயுளும் உண்டு. காலாவதி என்று வந்தால் போனின் தேதியை ஒரு வருடம் பின்னால் தள்ளிவைத்து, ஏற்றிவிட்டு, திரும்ப இன்றைய தேதிக்குக் கொண்டுவருவோம். அந்தக் கை வேலையை நாங்கள் சொல்லிக் கொடுத்த பையன்களில் சிலர் பிறகு எங்களுக்கே புது விஷயம் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பின்னால் சைனா செட் அலை. இரண்டு சிம், நாலு ஸ்பீக்கர், டிவி ஆண்டெனா. நாலு சைபரை அடித்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. *#06# அடித்தால் வர வேண்டிய 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் பலவற்றில் வெறும் சைபராக நிற்கும், அல்லது நூறு செட்டுக்கு ஒரே எண் இருக்கும். முறையான ஐஎம்இஐ இல்லாத செட்டுக்கு இணைப்பு கிடையாது என்று 2009 டிசம்பர் 1 முதல் அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. அந்த நவம்பர் முழுக்கக் கடை வாசலில் கூட்டம். தன் போனுக்கு உள்ளே ஓர் எண் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்று சாதாரண ஜனங்கள் முதல்முறையாகத் தெரிந்துகொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

2010-இல் விழுப்புரம் வந்து சொந்தமாகக் கடை போட்டேன். ஆண்ட்ராய்டு அமெரிக்காவில் 2008-இலேயே வந்துவிட்டது. மறு வருடம் எச்டிசி மேஜிக் இந்தியாவுக்கு வந்தது. எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் டச் போன் பரவலாக வந்தபோது அதில் இருந்தது 2.3, ஜிஞ்சர்பிரெட். ரகசிய எண் எதுவும் தேவையில்லை, செட்டிங்ஸின் அடியில் அபௌட் போன் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. ஆனாலும் ரகசியத்தின் ருசி முழுக்கப் போய்விடவில்லை. வெர்ஷன் வரியைத் தொடர்ந்து தட்டினால் ஓர் ஓவியம் வரும். 4.2-இலிருந்து பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால்தான் டெவலப்பர் பகுதி திறக்கும்.

அந்த 2.3-இல் எங்களுக்குப் பெரிய துக்கம் தமிழ். பல செட்டுகளில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எழுத்துரு இருக்கிற செட்டிலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். அதற்கு ஒரு வழி இருந்தது. ஓபரா மினி உலாவியைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ஒரு நீளமான பக்கம் வரும். அதன் அடியில், சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவம் பயன்படுத்தவா என்று ஒரு கேள்வி இருக்கும். இல்லை என்பதை ஆம் என்று மாற்றிச் சேமித்தால் போதும். எழுத்தைச் சிறு சிறு படங்களாக்கி உலாவியின் சர்வரே அனுப்பிவைக்கும். டேட்டா கொஞ்சம் கூடச் செலவாகும். ஆனால் கட்டங்கள் மறைந்து செய்தித்தாள் தெரியும். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இப்படி மாற்றிக் கொடுத்தபோது, கடையின் மர ஸ்டூலிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் படித்துவிட்டுத்தான் எழுந்தார். காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

போனே தமிழில் பேச ஆரம்பித்தது 5.0-இல். லாலிபாப் என்று பெயர். அந்த வெர்ஷனில்தான் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், மராத்தி, வங்காளம், சிங்களம் எல்லாம் ஆண்ட்ராய்டின் மெனு மொழிகளாகச் சேர்ந்தன. அது வெளிவந்தது 2014 நவம்பரில். அதே மாதம் 1-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. 2006 முதல் நம் பெண்கள் ஷிஃப்ட் பஸ் பிடித்துப் போய் வேலை பார்த்த இடம். நாலு சைபர் அடித்து நான் நோட்டில் எழுதிய செட்டுகளில் எத்தனை அவர்கள் கையால் முடிந்தவையோ! நம் மொழி போனுக்குள் வந்த மாதத்திலேயே நம் ஊரில் போன் செய்த அந்த ஆலை மூடியது. அந்த மாதத்துப் பக்கத்தை நோட்டில் இப்போது பார்த்தாலும் மனசு கனக்கிறது.

ஆண்ட்ராய்டு வெர்ஷன்களின் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கப்கேக், டோனட், எக்லேர் என்று ஆங்கில அகரவரிசையில் இனிப்புப் பெயராகவே வைத்துக்கொண்டு போனார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் மார்ஷ்மெல்லோ என்றால் யாருக்கும் புரியாது. நான் எண்ணைத்தான் சொல்வேன்: அஞ்சு, ஆறு, ஏழு. 2015 டிசம்பரில் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை டெல்லிக்கு வந்தபோது மாணவர்கள், ஏன் இந்திய இனிப்பின் பெயர் வைக்கக் கூடாது என்று கேட்டார்கள். அம்மாவைக் கேட்டுப் பார்க்கிறேன் என்கிற மாதிரி பதில் சொன்னார். அடுத்த வெர்ஷனுக்கு நெய்யப்பம் என்று வைக்கச் சொல்லி மலையாளிகள் இணையத்தில் முனைந்து கேட்டார்கள். கடைசியில் நூகட் என்று வைத்தார்கள். 2019-இல் கூகுளே இனிப்புப் பெயர்களை விட்டுவிட்டு வெறும் 10 என்று அறிவித்தது. எல்லா நாட்டாருக்கும் இந்தப் பெயர்கள் புரிவதில்லை, சில மொழிக்காரர்களுக்கு எல்லும் ஆரும் ஒரே மாதிரி கேட்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். எங்கள் தெருவுக்கு அது முதல் நாளே தெரிந்த விஷயம்.

எண்களோடு கூடவே பொய்யும் வந்தது. 2019 வாக்கில் ஒரு பையன் யாரோ ரயில் நிலையத்தில் குறைந்த விலைக்குக் கொடுத்த ஒரு செட்டைக் கொண்டுவந்தான். பெரிய கம்பெனிப் பெயர் பொறித்திருந்தது. அபௌட் போனில் 8.1 என்று இருந்தது. ஆனால் ஆறுக்கு மேல் கேட்கிற ஒரு செயலி ஏறவே மாட்டேன் என்றது. உள்ளே பில்ட்பிராப் என்று ஒரு ஃபைல் உண்டு. திரையில் காட்டுகிற எண் அதிலிருந்து படிக்கப்படுவதுதான், யாரோ அதைத் திருத்திவைத்திருந்தார்கள். கூடவே செயலிகளுக்காக ஏபிஐ நிலை என்று இன்னொரு எண் உண்டு. 4.4-க்கு 19, 5.0-க்கு 21, 6-க்கு 23. அந்தச் செட்டில் அது 19 என்றே நின்றது. முகத்துக்குப் பவுடர் போட்டவர்கள் அதை விட்டுவிட்டார்கள். அன்று முதல் நோட்டில் இரண்டு எண்ணையும் எழுதுகிறேன்.

வெர்ஷன் பழையதானால் செயலிகளும் கைவிட்டுவிடும். பழைய பட்டன் நோக்கியாக்கள் பலவற்றுக்கு 2018 டிசம்பர் 31-உடன் வாட்ஸ்அப் நின்றது. ஆண்ட்ராய்டில் 2.3-க்கு 2020 பிப்ரவரியிலும், 4.1-க்குக் கீழே இருந்தவற்றுக்கு 2021 நவம்பரிலும், 5.0-க்குக் கீழே இருந்தவற்றுக்கு 2023 அக்டோபர் 24-இலும் கதவு மூடியது. அந்தக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் கழித்து ஓர் ஆயா வந்தார். மகன் குவைத்தில் இருக்கிறார்.

"தம்பி, புள்ள மொகம் வர மாட்டேங்குதுப்பா. போனு கீழ கூட வுழல."

உண்மைதான். திரையில் ஒரு கீறல் இல்லை. துணிப்பையில் சுற்றி வைத்திருந்தார். பேட்டரியும் நன்றாகவே நின்றது. செட்டிங்ஸின் அடிக்குப் போனேன், 4.4.2. அப்டேட் தேடினால், உங்கள் போன் புதிதாகத்தான் இருக்கிறது என்றது. அதன் கம்பெனி எப்போதோ அதைக் கைவிட்டிருந்தது. கெடாத ஒரு பொருளைக் கெட்டுவிட்டது என்று அந்த ஆயாவிடம் எப்படிச் சொல்வது? "ஆயா, போன் நல்லா இருக்கு. அதுக்குள்ள இருக்கிற நம்பருக்குத்தான் வயசாயிடுச்சு" என்றேன். கடையில் இருந்த பழைய 9-ஆம் வெர்ஷன் செட் ஒன்றில் சிம்மை மாற்றிப் போட்டு, மகனை அழைத்துக் கொடுத்தேன். கெடாத போனைத் தூக்கிப் போட வைப்பது அநியாயம். விற்கும்போதே இத்தனை வருடம் அப்டேட் வரும் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிறோமே, அது மாதிரி.

இப்போது நான் பார்க்கிற வரி வெர்ஷன் மட்டுமில்லை. 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஓர் ஓட்டை அம்பலமானது. ஒரு எம்எம்எஸ் வந்தாலே போனுக்குள் அந்நியர் நுழையலாம் என்கிற நிலை. அதற்குப் பிறகு கூகுள் மாதாமாதம் ஓட்டை அடைக்க ஆரம்பித்தது. கடைசியாக அடைத்தது எப்போது என்று காட்டும் தேதி 6-ஆம் வெர்ஷனிலிருந்து அபௌட் போன் பக்கத்தில் இருக்கிறது. செக்யூரிட்டி பேட்ச் என்று எழுதியிருக்கும். அண்ணன் என்னை எழுதச் சொன்ன இரண்டாவது வரியின் வாரிசு இந்தத் தேதி.

ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் போனை ஒரு நிமிடம் வாங்குங்கள். செட்டிங்ஸின் அடிக்குப் போய் வெர்ஷனையும் அந்தத் தேதியையும் படியுங்கள். தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, புது அப்டேட்டும் வராவிட்டால், அதிலிருக்கும் வங்கிச் செயலியையும் பணம் அனுப்பும் செயலியையும் வேறு போனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பழைய செட்டைத் தூக்கிப் போட வேண்டாம், பேசவும் பாட்டுக் கேட்கவும் அது இன்னும் பல வருடம் உழைக்கும்.