பினாங்கில் பின்னிய வலை

1982ஆம் ஆண்டு மே மாதம் பினாங்கில் ஒரு கூட்டம் நடந்தது. பல நாடுகளிலிருந்து பயனீட்டாளர் அமைப்புகளையும் சுற்றுச்சூழல் அமைப்புகளையும் சேர்ந்தவர்கள் வந்திருந்தார்கள். பேசிய விஷயம் ஒன்றுதான்: பணக்கார நாடுகள் தங்கள் மண்ணில் தடைசெய்த பூச்சிக்கொல்லிகளை ஏழை நாடுகளுக்குக் கப்பலேற்றுகின்றனவே, இதை எப்படி நிறுத்துவது? கூட்டம் கலைந்தபோது பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலைப்பின்னல் என்ற அமைப்பு பிறந்திருந்தது. இன்று அதில் ஏறத்தாழ 90 நாடுகளைச் சேர்ந்த 600க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன.

உலகமயமாதலுக்கு எதிரான இயக்கங்களின் கதையை 1999இல் சியாட்டல் தெருக்களிலிருந்து தொடங்குவது வழக்கம். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் 1994இன் சியாப்பாஸிலிருந்து தொடங்குவார்கள். அதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே, தமிழும் ஹொக்கியனும் மலாயும் ஒரே தெருவில் கேட்கிற ஒரு துறைமுக நகரத்தில், தட்டச்சுப் பொறிகளையும் அஞ்சல் தலைகளையும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் உலகத்தையே இணைக்க முயன்றது. அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பெயர்கள் பல. நம் புலம்பெயர் இதழ்கள் அவர்களைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாக எழுதியிருக்கின்றன என்பது எனக்குப் புரியாத புதிர். ஒருவேளை அவர்கள் தமிழுக்காகப் போராடவில்லை என்பதால் இருக்கலாம்.

நான் பிழைப்புக்குக் கணினி வலையமைப்புகளோடு மல்லுக்கட்டுபவன். ஒரு வலையமைப்பைப் பார்த்ததும் எங்கள் தொழிலில் கேட்கிற முதல் கேள்வி, இதில் எந்த முனை விழுந்தால் மொத்தமும் விழும் என்பது. அந்தப் பழக்கத்தில்தான் பினாங்கின் கதையையும் படிக்க ஆரம்பித்தேன்.

எல்லாம் 1969இல் வந்து நிற்கிறது. அந்த ஆண்டில்தான் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது; வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. மே 13 கலவரம் நாட்டையே உலுக்கியதும் அதே ஆண்டுதான். அதே 1969இல் தீவில் பல்கலைக்கழகம் ஒன்று வந்தது, பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் உருவானது. மூன்று ஆண்டுகள் கழித்து பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபோது, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து மின்னணுச் சில்லுகளைப் பொருத்தும் வேலைக்குக் கிராமத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பன்னாட்டு நிறுவனம் என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே கண்ணால் பார்த்த ஊர் அது.

சங்கத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டு தலைமையேற்று நடத்தியவர் எஸ். எம். முகமது இத்ரிஸ், ஒரு தமிழ் முஸ்லிம் வணிகர். மேற்கத்தியப் பயனீட்டாளர் சங்கங்கள் எந்தச் சலவை இயந்திரம் நல்லது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்த காலம். இத்ரிஸின் சங்கமோ வாங்கவே வழியில்லாதவனும் பயனீட்டாளன்தான் என்ற இடத்திலிருந்து தொடங்கியது. மீனில் என்ன கலப்படம், குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை, தோட்டத்து லயத்தில் ஏன் கழிப்பறை இல்லை என்று மனுக்கள் வந்து குவிந்தன. ஒவ்வொரு மனுவையும் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் ஒரு அமைச்சகமோ ஒரு நிறுவனமோ ஒரு சர்வதேச ஒப்பந்தமோ வந்து நின்றது. உலக அரசியலுக்கு அவர்கள் போன வழி அது. சங்கத்தின் செய்தித்தாள் தமிழிலும் வந்தது. கெடா மாநிலத்தில் எங்கள் வீட்டுக்கும் வரும். தேதி தாண்டினால் பாட்டி அதை அலமாரியில் விரித்துவிடுவார், நான் தட்டை நகர்த்திவிட்டுப் படிப்பேன்.

சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அன்வர் ஃபசால், 1978இல் பயனீட்டாளர் சங்கங்களின் சர்வதேச அமைப்புக்குத் தலைவரானார். மூன்றாம் உலகத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். வலை பின்னுவதில் அவருக்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. பெரிய தலைமையகம் கிடையாது. ஒரு பிரச்சினை, அதைச் சுற்றி ஒரு கூட்டணி, ஒரு தெளிவான கோரிக்கை, அவ்வளவுதான். 1979இல் குழந்தை உணவுக் கூட்டணி. 1981இல் மருந்துகளுக்கான கூட்டணி. 1982இல் பூச்சிக்கொல்லிகளுக்கு. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனை நெறிமுறை வாக்கெடுப்புக்கு வந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு, அமெரிக்காவுடையது. மருந்துக் கூட்டணி கையில் எடுத்த யோசனைக்கு இலங்கையில் ஏற்கெனவே ஒரு முன்னோடி உண்டு: 1971இல் சேனக பிபிலே உருவாக்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், வணிகப் பெயர்களை ஒதுக்கிவிட்டு மருந்தின் பொதுப் பெயரில் கொள்முதல் செய்தது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நுகர்வோர் இன்டர்போல். ஒரு நாட்டில் ஒரு பொருள் ஆபத்தானது என்று தடைசெய்யப்பட்டால், அந்தச் செய்தி பினாங்குக்கு வரும். அங்கிருந்து மற்ற நாடுகளின் அமைப்புகளுக்கு எச்சரிக்கை போகும். இன்றைக்கு இதை ஒரு சின்ன நிரலாக நான் ஒரு மாலையில் எழுதிவிடுவேன். தொழில்நுட்பம் பெரிதல்ல. மறுமுனையில் கடிதத்தைப் பிரித்துப் படித்து, தன் ஊர் அமைச்சரின் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆட்களைத் தேடிச் சேர்த்ததுதான் உழைப்பு.

1984 நவம்பரில் சங்கம் கூட்டிய மாநாட்டின் முடிவில் மூன்றாம் உலக வலைப்பின்னல் உருவானது. அடுத்த மாதமே போபால். கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்த மார்ட்டின் கோர் இந்த வலைப்பின்னலை நடத்தினார். காட் ஒப்பந்தத்தின் உருகுவே சுற்று தொடங்கியதும் இவர்களின் வேலை ஜெனீவாவுக்கு நகர்ந்தது. அங்கே ஏழை நாடுகளின் நிலைமை பரிதாபம். ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு நடக்கும். தூதுக்குழுவில் இருப்பதோ ஓரிருவர். எந்த வரியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் கிடையாது. மூத்த இந்தியப் பத்திரிகையாளர் சக்ரவர்த்தி ராகவன் அங்கிருந்து நடத்திய செய்தி மடல் அந்த வேலையைச் செய்தது. 1989இல் அதை மூன்றாம் உலக வலைப்பின்னல் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு, நடப்பதை மறுகாலனியாக்கம் என்றே தலைப்பிட்டு ராகவன் ஒரு நூல் எழுதினார். அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தை அவர்களால் தடுக்க முடியவில்லை. பிறகு வந்த பலதரப்பு முதலீட்டு ஒப்பந்தத்தைப் பற்றி ஆரம்பத்திலேயே எச்சரித்தவர்களில் கோர் ஒருவர். 1998இல் அது கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றை வெற்றிப் பட்டியலாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காரணம் புக்கிட் மேரா.

ஈப்போ அருகே ஈயம் அலம்பிய பிறகு மிஞ்சும் மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கும். அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரிக்க, ஜப்பானிய நிறுவனம் ஒன்றும் பங்குகொண்ட ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கியது. வண்ணத் தொலைக்காட்சித் திரைக்கு வேண்டிய பொருள் அதிலிருந்து கிடைத்தது. கூடவே தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவும். ஊர்க்காரர்கள், பெரும்பாலும் சீனர்கள், 1985இல் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர்களில் ஒருவர் பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன். ஜப்பானிலிருந்து மரபியல் பேராசிரியர் சடாவோ இச்சிக்காவா வந்து கதிர்வீச்சை அளந்தார். கனடாவிலிருந்து ரோசலி பெர்ட்டல் சாட்சி சொல்ல வந்தார். ஜப்பானிய மூலதனத்துக்கு எதிராக ஜப்பானிய அறிவியல். சீன கிராமத்துக்குத் தமிழ் வழக்கறிஞர். இனவாரியாகக் கட்சி கட்டிய நாட்டில் இது சாதாரணக் காட்சி அல்ல.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1987 அக்டோபர் 27 அன்று, மகாதீர் அரசு லாலாங் நடவடிக்கையில் இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி உள்ளே போனார்கள். மீனாட்சி ராமன் அவர்களில் ஒருவர். புக்கிட் மேரா எதிர்ப்புக் குழுவினரும், சரவாக் காட்டில் பெனான் மக்களின் சாலை மறியலுக்குத் துணைநின்ற ஹாரிசன் ஙாவும் பிடிபட்டார்கள். 1992இல் உயர்நீதிமன்றம் ஊர்க்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைப் புரட்டியது. தீர்ப்பில் வென்ற நிறுவனம், 1994 ஜனவரியில் ஆலையை மூடுவதாக அறிவித்தது.

அதே காலத்தில் சர்வதேச அரங்குகளில் தெற்கு நாடுகளின் குரலாகப் பேசிக்கொண்டிருந்தவர் யார்? அதே மகாதீர். 1992இல் ரியோ மாநாட்டில் காடுகளுக்கான உலக ஒப்பந்தத்தை எதிர்த்து மலேசியா நின்றது. ‘எங்கள் காடு, எங்கள் இறையாண்மை’ என்ற அந்த வாதத்தில் வடக்கின் பாசாங்கைத் தோலுரிக்கும் நியாயம் பாதி இருந்தது. மீதிப் பாதி மர லாரிகளுக்கு வழிவிடும் வாதம். மூன்றாம் உலக வலைப்பின்னல் ஜெனீவாவில் தெற்கு அரசுகளுக்கு ஆலோசனை சொல்ல வேண்டியிருந்தது; பினாங்கில் அந்த அரசுகளில் ஒன்றை எதிர்த்து மனுப்போட வேண்டியிருந்தது. இதை இரட்டை வேடம் என்று திட்டியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வேறு கதவு அவர்களுக்கு இருக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. அரசுகளின் வழியாகப் போகும் வலைப்பின்னலுக்கு, அரசுகள் கேட்கத் தயாராக இருக்கும் விஷயங்களில்தான் வேகம் கிடைக்கும்.

அதற்குப் பாராகுவாட்டை விடச் சிறந்த உதாரணம் இல்லை. 1962இல் சந்தைக்கு வந்த களைக்கொல்லி. விழுங்கினால் மாற்று மருந்து கிடையாது. மலேசியாவில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். எங்கள் பாட்டியும் களைக்கொல்லி அடிக்கும் கூட்டத்தில் பதினாறு வருடம் இருந்தவர். வலது கைப் பெருவிரலில் நகம் சரியாக வளராது. ‘மருந்தடிக்கப் போனவ கை அப்படித்தாம்மா இருக்கும்’ என்று என் அக்காவிடம் சொல்வார். தோட்டத் தமிழில் அதற்கு மருந்து என்றுதான் பெயர். விஷம் என்று ஒருநாளும் அவர் சொல்லிக் கேட்டதில்லை.

பூச்சிக்கொல்லி வலைப்பின்னல் 1985இல் ‘அழுக்குப் பன்னிரண்டு’ என்ற பட்டியலை வெளியிட்டபோது பாராகுவாட் அதில் இருந்தது. வலைப்பின்னல் வாதாடிய இன்னொரு கொள்கை, தடைசெய்யப்பட்ட நஞ்சை இறக்குமதி நாட்டின் சம்மதமில்லாமல் அனுப்பக்கூடாது என்பது. அது 1989இல் உணவு வேளாண்மை அமைப்பின் நெறிமுறையில் ஏறி, 1998இல் ராட்டர்டாம் உடன்படிக்கையாகவே ஆனது. சர்வதேச அளவில் பெரிய சாதனை. ஆனால் வலை பின்னிய ஊரிலிருந்து சில மணி நேர ஓட்டத்தில் இருந்த தோட்டங்களில் தெளிப்பான்கள் ஓயவில்லை.

2002இல் ஐரீன் பெர்னாண்டஸின் தெனகானித்தா அமைப்பும், சரோஜினி ரெங்கம் வழிநடத்திய வலைப்பின்னலின் ஆசிய பசிபிக் கிளையும் சேர்ந்து தோட்டப் பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டன. மூக்கில் ரத்தம், உதிரும் நகம், எரியும் தோல். எங்கள் பாட்டி போன்றவர்கள் சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொண்ட ஆவணம் அது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. செம்பனைத் தொழில் முட்டிமோதியதும் 2006இல் முடிவு தளர்ந்தது. இதற்கிடையில் இலங்கை 2008இலிருந்து 2011க்குள் அதைக் கட்டங்கட்டமாக விலக்கிவிட்டது. அங்கே உந்துதல் வேறு, பூச்சிக்கொல்லி குடித்துச் சாகும் கிராமத்தவர்களின் எண்ணிக்கை. ஐரோப்பிய நீதிமன்றம் 2007இலேயே அனுமதியை ரத்துசெய்தது, இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் ஆலையிலிருந்து ஏற்றுமதி மட்டும் தொடர்ந்தது. மலேசியாவில் முழுத் தடை 2020 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. பினாங்குக் கூட்டம் நடந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகப்போகும் நேரம். அதற்குள் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் குறைந்து, தெளிப்பானைத் தூக்கும் முதுகுகள் பெரும்பாலும் இந்தோனேசியர்களுடையதும் வங்கதேசத்தவர்களுடையதும் ஆகிவிட்டிருந்தன.

ஐரீன் பெர்னாண்டஸ் 2014இல் போய்விட்டார். முகமது இத்ரிஸ் 2019 மே 17 அன்று காலமானார், தடை அமலுக்கு வர ஏழு மாதங்கள் இருந்தன. மார்ட்டின் கோர் 2020 ஏப்ரல் 1 அன்று. என் தொழிலின் கணக்குப்படி இத்தனை முனைகள் விழுந்த வலையமைப்பு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சிறையிலிருந்து வெளிவந்த மீனாட்சி ராமன் பின்னாளில் உலக அளவிலான பூமியின் நண்பர்கள் கூட்டமைப்புக்கே தலைவரானார். காலநிலைப் பேச்சுவார்த்தைகளில், ஜெனீவாவில் அன்று நடந்ததைப் போலவே, தெற்கு நாடுகளுக்காக ஒப்பந்த வரைவுகளை வரி வரியாகப் படித்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

2012இல் குவாந்தானுக்கு அருகே கெபெங்கில் இன்னொரு அருமண் ஆலை இயங்கத் தொடங்கியபோது, எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் புக்கிட் மேராவின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு போனார்கள். இந்த முறை தாது ஈயமணலிலிருந்து வரவில்லை. நான் இப்போது குடியிருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்திலிருந்து கப்பலேறிப் போனது.